முழுக் கோழி வேகும் நேரம்

அம்மா என்னை விட்டுவிட்டுத் தம்பி வீட்டுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை, நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஓவனுக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஒரு முழுக் கோழி வெந்துகொண்டிருந்தது. அதைச் செய்யச் சொன்னதே அம்மாதான். அந்த நாளை எப்போது நினைத்தாலும் எனக்கு முதலில் வருவது அழுகை இல்லை, கோபம். இப்போது எழுதும்போதும் அப்படித்தான் வருகிறது.

பிரேசர் டவுனில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. கல்யாணம் என்று ஒன்று நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்று என் முகத்துக்கு நேராகக் கேட்டுக்கொண்டிருந்தவர்களும் இப்போது ஓய்ந்துவிட்டார்கள். அப்பா இருந்தவரை அவரும் அம்மாவும் ஆஸ்டின் டவுனில் இருந்தார்கள். அப்பா போனபிறகு அம்மா எங்கே இருப்பது என்ற பேச்சு வந்தது. “ரெண்டு ரூம்தான்க்கா, உனக்கே தெரியும்” என்று தம்பி தரையைப் பார்த்தான். அவன் பார்த்துக்கொண்டே இருக்கட்டும் என்று நான் ஓர் ஆட்டோவைப் பிடித்து, அம்மாவையும் அவள் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். ஆறு வருஷம். முட்டி ஆபரேஷன் நடந்தபோது பாத்ரூமுக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனது நான். சர்க்கரை ஏறியபோது திட்டியது நான், இறங்கியபோது பதறிப்போய் வாயில் சர்க்கரையைப் போட்டதும் நான். இதை எல்லாம் சொல்லிக் காட்டுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். சொல்லித்தான் காட்டுகிறேன்.

ஓவன் என் ஆசைக்கு வாங்கியது. மேஜைமேல் வைக்கிற சின்ன ஓவன். கீழ் வீட்டு ஆன்ட்டி கிறிஸ்துமஸ் அன்று ஒரு முழுக் கோழியைப் பொன்னிறமாக எடுத்து மேஜை நடுவில் வைப்பார். நாலு பேர் சுற்றி நின்று பார்ப்பார்கள். அந்த மாதிரி என் வீட்டு மேஜையிலும் ஒன்று இருக்கவேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான். அம்மாவுக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. கோழி என்றால் துண்டு போட்டு, மஞ்சள் தடவி அலசி, குழம்பில் போடவேண்டும். முழுசாகத் தட்டில் வைத்தால், “பொணத்தப் படுக்க வெச்ச மாதிரி இருக்குடி” என்பாள்.

முதல் தடவை சொதப்பியது கடையில். கறிக்கடை பாய் பழக்கத்தில் தோலை உரித்துத் தந்துவிட்டார். தோல் இல்லாமல் ஓவனில் வைத்தது தேங்காய் மட்டை போல வந்தது. இரண்டாவது தடவை தோலோடு வாங்கினேன். ஆனால் ஓவனுக்குப் பெரிய கோழி. முதுகு மேலே இருந்த கம்பியில் இடித்துக் கருகி, வீடெல்லாம் புகை. அம்மா இருமி இருமிக் கண்ணெல்லாம் சிவந்து, அன்றைக்கு ஒரு சட்டம் போட்டாள். “நீ அதப் பண்ணு, வேணான்னு சொல்லல. கதவச் சாத்திகினு பண்ணு. அந்தப் பொகை எனக்கு ஆவாது.” அன்றிலிருந்து ஓவன் சூடானால் சமையலறைக் கதவு சாத்தப்படும். நான் உள்ளே, அம்மா வெளியே.

இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். எங்கள் வீட்டில் கோழிக்கால் எனக்குக் கிடையாது. ஒரு கோழிக்கு இரண்டு கால். ஒன்று அப்பாவுக்கு, ஒன்று தம்பிக்கு. ஈரலும் தம்பிக்கு. எனக்குக் கழுத்தும் இறக்கையும். “அவளுக்கு எலும்பு கடிக்கத்தான் புடிக்கும்” என்று அம்மா எல்லோரிடமும் சொல்லுவாள். சொல்லிச் சொல்லி நானே ரொம்ப காலம் அதை நம்பிக்கொண்டிருந்தேன். குழம்புச் சட்டியில் கரண்டி போகும்போது யாருக்கு என்ன வருகிறது என்பது தெரியாத மாதிரிதான் இருக்கும். ஆனால் அம்மாவின் கரண்டிக்குக் கண் உண்டு. அப்பா போய், நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஆன பிறகும் இது மாறவில்லை. ஓவனில் நான் வைத்த கோழியின் இரண்டு காலையும் வெட்டி ஒரு டப்பாவில் போட்டு, தம்பிக்குப் போன் செய்வாள். அவன் பைக்கில் வந்து, படியில் நின்றபடியே வாங்கிக்கொண்டு போவான். நான் செய்த கோழி, என் ஓவன், என் டப்பா. டப்பாகூடத் திரும்பி வந்ததில்லை.

அந்த வாரம் ஒரு சாயங்காலம், நான் வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அம்மா சொன்னாள்.

“ஞாயித்துக்கெழம தம்பி வர்றான். சாப்பாட்டுக்கு. அந்த முழுக் கோழி ஒண்ணு பண்ணேன்.”

என் காதை என்னால் நம்ப முடியவில்லை. “பொணம் மாதிரி இருக்கும்னு சொன்னியே.”

“அது அப்ப. நல்லாத்தான் இருக்குது. அவனும் ஒரு நாள் மேஜைல வெச்சி சாப்டட்டும்.” பிறகு வெற்றிலை மடிப்பதுபோல நிதானமாக ஒரு கேள்வி கேட்டாள். “அது வேக எவ்ளோ நேரம் ஆவும்?”

“ரெண்டு மணி நேரம் ஆகும்மா. நடுவுல நடுவுல கீழ வடியற நெய்ய எடுத்து மேல ஊத்தினே இருக்கணும். இல்லன்னா காஞ்சிடும்.”

“அப்ப நீ அங்கயே இருக்கணும்.”

“அங்கயேதான் இருக்கணும்.”

“சரி” என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷம் கழித்து அம்மா என் ஓவனுக்குப் பச்சைக்கொடி காட்டிவிட்டாள் என்று நூலகத்தில் என்னோடு வேலை செய்கிறவளிடம்கூடச் சொன்னேன். அந்த வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. அம்மாவின் அலமாரியில் புடவைகள் குறைந்துகொண்டே வந்தன. கேட்டதற்கு, “இஸ்திரிக்குக் குடுத்திருக்கன்” என்றாள். வீட்டில் கட்டுகிற நூல் புடவையை எவள் இஸ்திரிக்குக் கொடுப்பாள்? எனக்குத் தோன்றவில்லை. சந்தோஷத்தில் இருப்பவர்கள் காதில் பூ சுற்றுவது ரொம்ப சுலபம்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கடைக்குப் போய் நின்றேன். பாய் கத்தியை ஓங்கியபோதே, “வெட்டாதீங்க பாய், தோலும் எடுக்காதீங்க” என்றேன்.

“பூராவா? தோலோடவா?” என்று அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “வூட்ல விசேஷமாக்கா?”

“தம்பி வர்றான்” என்றேன். சொல்லும்போது பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பெரிய தட்டு என்னிடம் இல்லை. கீழ் வீட்டு ஆன்ட்டியிடம் கேட்கப் போனேன். எப்போதும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் காப்பி கொடுப்பவர், அன்று கதவைப் பாதி திறந்தபடியே தட்டை நீட்டினார். “நல்லா பண்ணும்மா” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. சர்ச்சுக்குக் கிளம்பும் அவசரம் என்று நானே ஒரு காரணத்தை வைத்துக்கொண்டு மேலே வந்தேன்.

கோழியைத் துடைத்து, தோலுக்கு அடியில் விரலை விட்டு மெல்லப் பிரித்து, வெண்ணெயும் இஞ்சி பூண்டும் மிளகும் அரைத்ததை உள்ளே தடவினேன். வயிற்றில் இரண்டு எலுமிச்சம்பழத்தை வெட்டி வைத்தேன். இரண்டு காலையும் சேர்த்துக் கட்ட நூல் வேண்டும். நான் தேடுவதைப் பார்த்து அம்மா சாமி அலமாரிக்குப் போய், பூக்கட்டும் நூல்கண்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். மற்ற நாளாக இருந்தால் கறி தொட்ட கையோடு அந்த அலமாரிப் பக்கம் போனாலே கத்துவாள். “இதுலயா?” என்றேன். “பரவால்ல, கட்டு” என்றாள். நான் கட்டினேன். அவள் பக்கத்தில் நின்று முடிச்சின்மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள், எனக்கு முடிச்சு சரியாக விழுகிற மாதிரி.

பிறகு ஓவனில் வைத்தேன். “பொகை வரும், கதவச் சாத்திக்கோ” என்றாள். சாத்திக்கொண்டேன்.

அந்த நேரம் எவ்வளவு நன்றாக இருந்தது என்பதைச் சொல்லத்தான் எனக்கு வயிறு எரிகிறது. ஓவனின் கண்ணாடிக்குள் மஞ்சள் விளக்கு. தோல் மெல்ல இறுகி, நிறம் மாறி, வெண்ணெய் கொப்புளமாகப் பொங்கி வழிந்தது. நான் அடிக்கடி கதவைத் திறந்து, தட்டில் இறங்கியதைக் கரண்டியால் அள்ளி மார்பிலும் தொடையிலும் ஊற்றினேன். வெளியே தம்பி வந்த சத்தம் கேட்டது. எப்போதும் வந்ததும் நேராகச் சமையலறைக்கு வந்து மூடியெல்லாம் திறந்து பார்ப்பவன், அன்று வரவில்லை. அம்மாவும் அவனும் தணிந்த குரலில் பேசினார்கள். ஆயிரம்தான் இருந்தாலும் அம்மாவும் பிள்ளையும், பேசட்டும் என்று விட்டுவிட்டேன். அவன் படி இறங்குகிற சத்தம், ஏறுகிற சத்தம், மறுபடி இறங்குகிற சத்தம். சோடா வாங்கப் போகிறான் என்று நினைத்தேன். எவ்வளவு சோடா என்றாவது யோசித்திருக்கலாம்.

கதவைத் தட்டி அம்மா சொன்னாள். “போதும், எடுத்துடு. அவனுக்கு நேரமாவுது.”

“இன்னும் கொஞ்சம் வேகணும்மா.”

“வெந்துருக்கும். மேல செவந்தாச்சுல்ல. எடு.”

தொடையில் குத்திப் பார்ப்பது என் வழக்கம். சிவப்புத் தண்ணி வந்தால் வேகவில்லை, தெளிந்த தண்ணி வந்தால் வெந்தது. அவசரத்தில் அதைச் செய்யவில்லை. தட்டைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டுபோய் மேஜை நடுவில் வைத்தேன். ஆன்ட்டியின் கிறிஸ்துமஸ் கோழி இதனிடம் தோற்றது. “சூப்பரா கீதுக்கா” என்று தம்பி போனில் ஒரு படம் எடுத்தான்.

“நான் வெட்டறன்” என்று அம்மா கத்தியை வாங்கிக்கொண்டாள். பூக்கட்டும் நூலை அறுத்தாள். ஒரு காலைப் பிரித்து எடுத்தாள். எடுத்து, தம்பியின் தட்டைத் தாண்டி, மேஜையின் இந்தப் பக்கம் கையை நீட்டி, என் தட்டில் வைத்தாள்.

நான் தட்டைப் பார்த்தேன். அம்மா அதற்குள் மார்புக் கறியை அறுத்துத் தம்பிக்கு வைத்துவிட்டாள். பிறந்ததிலிருந்து என் தட்டில் கோழிக்காலைப் பார்க்காதவன், முகம் கோணாமல் தண்ணி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. கால் எனக்கு வந்திருக்கிறது என்றால் ஏதோ ஒன்று என்னிடமிருந்து போகிறது.

“என்னம்மா?” என்றேன்.

அம்மா கத்தியைத் துடைத்து ஓரமாக வைத்தாள். “நான் தம்பி வூட்டுக்குப் போறன்மா. இன்னிக்கே. இனிமே அங்கதான்.”

எழுந்து அவள் அறைக்குப் போனேன். கட்டில் விரிப்பு மடித்து வைக்கப்பட்டிருந்தது. அலமாரியில் ஒரு புடவைகூட இல்லை. மருந்து டப்பா இல்லை. சுவரில் அப்பா படம் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. நான் கதவுக்கு அந்தப் பக்கம் கோழிக்கு நெய் ஊற்றிக்கொண்டிருந்தபோது, அப்பாவைச் சுவரிலிருந்து இறக்கியிருக்கிறார்கள். ஆணியைத் தொட்டுப் பார்த்தேன். ஏன் தொட்டேன் என்று தெரியவில்லை.

திரும்பி வந்தபோது இரண்டு பேரும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

“எப்ப முடிவு பண்ணீங்க?”

“அக்கா, பேஜார் ஆவாத” என்று தம்பி ஆரம்பித்தான். “வீடு மாத்திட்டோம்ல. இப்ப இடம் இருக்குது. என் பொண்டாட்டியும் வேலைக்குப் போவ ஆரம்பிச்சிட்டா. பாப்பாவப் பாத்துக்க ஆளு…”

“ஆளு” என்றேன். அவன் வாயை மூடிக்கொண்டான்.

அம்மா பக்கம் திரும்பினேன். “முட்டி ஆபரேஷன் அன்னிக்கு இவனுக்கு இடமில்ல. இப்ப கொழந்தையப் பாத்துக்க ஆளு வேணும், அதனால இடம் வந்துடுச்சி. தெரியுதா உனக்கு?”

“தெரியும்.”

“தெரிஞ்சும் போறியா?”

“தெரிஞ்சிதான் போறன்” என்றாள் அம்மா. குரல் உயரவே இல்லை. “அங்க எனக்கு வேலை இருக்குதுடி. இங்க நான் விருந்தாளி.”

“ஆறு வருஷமா விருந்தாளியா?”

“பொண்ணு வூட்ல எத்தன வருஷம் இருந்தாலும் விருந்தாளிதான். நீ நல்லாத்தான் பாத்துகின. கொற சொல்லல. ஆனா நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சின்னா அவன் வாசல்லருந்துதான் என்னை எடுக்கணும்.”

அவளுக்கு நான் வாங்கிய கட்டில், வாக்கர், பாத்ரூம் சுவரில் ஆள் வைத்துப் போட்ட கைப்பிடி, எல்லாம் ஒரு வாசலுக்கு முன்னால் நிற்கவில்லை.

“போறேன்னு என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா.”

“சொன்னா நீ விடமாட்ட.”

“விட்டிருக்கமாட்டேன்.”

“அதான்” என்றாள்.

எனக்குத் தெரியாமல் இருக்கவேண்டும் என்பதற்காக இந்தக் கட்டடமே வாயைக் கட்டிக்கொண்டிருந்தது. பெட்டி எங்கே என்று கேட்டதற்கு, கீழே ஆன்ட்டி வீட்டில் என்றான் தம்பி. வாரம் முழுக்க இரண்டிரண்டு புடவையாகக் கீழே இறங்கியது இஸ்திரி வண்டிக்கு அல்ல, ஆன்ட்டி வீட்டு வரவேற்பறைக்கு. அதனால்தான் அவர் கதவைப் பாதி மட்டும் திறந்தார். தட்டு கொடுத்த கை, கோழியை மெச்சிய வாய், எல்லோருமே கூட்டு.

அவர்கள் கிளம்பும்போது அம்மா மற்ற காலை வெட்டி எடுத்தாள். அலுமினியத் தாளில் சுற்றினாள். “பாப்பாவுக்கு” என்றாள், யாரிடமும் சொல்லாதது போல. என் தலைமேல் கையை வைத்தாள். நான் தலையை நகர்த்திக்கொண்டேன். அது மட்டும்தான் அன்றைக்கு என்னால் செய்ய முடிந்தது. படியில் இறங்கும்போது அவள் கைப்பிடியைப் பிடித்து, நான் சொல்லிக் கொடுத்த மாதிரி, நல்ல காலை முதலில் வைக்காமல் வலிக்கிற காலை முதலில் வைத்து இறங்கினாள். கீழே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நான் ஜன்னலுக்குப் போகவில்லை.

மேஜையில் வந்து உட்கார்ந்தேன். நடுவில் கால் இல்லாத கோழி. அப்போதுதான் அந்தக் கேள்வி திரும்ப வந்தது. அது வேக எவ்ளோ நேரம் ஆவும்? குழம்பு வைக்கச் சொல்லியிருக்கலாம், பிரியாணிகூடச் சொல்லியிருக்கலாம். அதிலெல்லாம் நான் நடுவில் வெளியே வந்து போய்க்கொண்டிருப்பேன். இந்த வீட்டில் என்னை ஒரு கதவுக்குள் இரண்டு மணி நேரம் உட்காரவைக்கக்கூடிய சமையல் ஒன்றே ஒன்றுதான். அம்மா அதைத் தேடி எடுத்திருக்கிறாள். என் ஓவன் அவளுக்குப் பிடித்துப்போகவில்லை, அவளுக்கு உபயோகப்பட்டது. போனதைக்கூட ஒரு நாள் மன்னிப்பேனோ என்னவோ. என் சந்தோஷத்தை எடுத்து என் கண்ணிலேயே தூவியதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

சாயங்காலம் போன் அடித்தது. அம்மா. பின்னால் குழந்தை ஏதோ கத்திக்கொண்டிருந்தது.

“சாப்ட்டியா?” என்றாள்.

நான் போனை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

“அந்தக் கால் வேகலடி” என்றாள். “எலும்புகிட்ட செவப்பா இருக்குது. அவசரப்படுத்திட்டன். பாப்பாவுக்குக் கொண்டாந்தத இங்க குக்கர்ல போட்டு ஒரு விசில் வுட்டன். நீயும் திரும்ப வெச்சிட்டு சாப்டு.”

என் தட்டில் அந்தக் கால் வைத்தது வைத்தபடி இருந்தது. விரலால் புரட்டினேன். மேலே பொன்னிறம். அடியில், மூட்டு எலும்பை ஒட்டி, பச்சை ரத்தம். என் வாழ்க்கையில் எனக்கென்று வைக்கப்பட்ட முதல் கால்.

“நல்லா வெந்திருந்துது” என்றேன். “சாப்ட்டுட்டேன்.”

“முழுசாவா?”

“முழுசா.”

“நல்லா இருந்துதா?” என்றாள்.

“நல்லா இருந்துது” என்று போனை வைத்தேன்.

பிறகு ஓவனைப் போட்டேன். காலை மட்டும் ஒரு சின்னத் தட்டில் வைத்து உள்ளே தள்ளினேன். பழக்கத்தில் எழுந்துபோய்ச் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து முக்காலியில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் மறுபடி எழுந்து, கதவை அகலத் திறந்து வைத்தேன். புகை ஆகாதவர்கள் யாரும் அந்தப் பக்கம் இல்லை.